யசிந்தனின் தராசும் மூன்று வாரப் பிள்ளையும்

நெடுந்தீவு இறங்குதுறையில் மீன் வாங்குகிற யசிந்தனைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் பாதி பொய். மற்றப் பாதி அவனே சொல்லித் திரிந்தது, ஆகவே அதையும் நம்பத் தேவையில்லை. இதை மட்டும் நம்பலாம்.

பரம்பரை பரம்பரையாகக் கடலுக்குப் போன வீட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? வள்ளத்தில் கால் வைத்தால் போதும், முதல்நாள் தின்ற புட்டு வரைக்கும் வெளியே வந்துவிடும். தகப்பன் நாலு வருசம் இழுத்துப் பார்த்தார். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தும் பார்த்தார். கடைசியில், "இவன் மீன் பிடிக்க வரேல்லை, மீனுக்குச் சாப்பாடு போட வாறான்" என்று கை கழுவி விட்டார். அதற்குப் பிறகுதான் யசிந்தன் கரையில் நின்றபடியே மீனோடு பிழைக்கிற வழியைக் கண்டுபிடித்தான். பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் வாங்குவது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது, படகில் அக்கரைக்கு, குறிகட்டுவானுக்கு ஏற்றி விடுவது. கால் நனையாத தொழில்.

அந்தத் தொழிலுக்கு அவன் வாங்கின முதற் பொருள் ஒரு தராசு. வட்ட முகமும் ஒரு முள்ளும் கீழே ஒரு கொளுக்கியும் உள்ள தொங்கு தராசு. வாங்கினவன் சும்மா வாங்கிக்கொண்டு வந்தானா? யாழ்ப்பாணத்தில் ஒரு கைகாரனிடம் கொடுத்து, உள்ளே இருந்த கம்பிச் சுருளைக் கழற்றி, இறுக்கமான வேறொன்றைப் போடுவித்துக்கொண்டு வந்தான். சும்மா தொங்கும்போது முள் பூச்சியத்தில் சாதுவாக நிற்கும். ஒரு கிலோவைக் கொழுவினால் எண்ணூற்றைம்பது காட்டும். மிச்சம் நூற்றைம்பது எங்கே போகிறது என்று கேட்டால், அது யசிந்தனுக்கும் அந்தக் கம்பிச் சுருளுக்கும் உள்ள குடும்ப விசயம்.

"உன்ர தராசு தின்னுதடா தம்பி" என்று கடற்காரர் கத்தாத நாளில்லை. அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான். "அண்ணை, மனிசன் பொய் சொல்லுவான். தராசு சொல்லுமே?" ஆறு வருசம், ஒரு நாளைக்குப் பத்துத் தரம். எந்தப் பொய்யையும் அத்தனை தரம் சொன்னால், கேட்கிறவன் நம்புகிறானோ இல்லையோ, சொல்கிறவன் நம்பிவிடுவான். யசிந்தனுக்கு நடந்தது அதுதான். கம்பிச் சுருள் மாற்றின கதையே அவனுக்கு மறந்து போயிற்று.

கரம்பொன்னில் இருந்து தயானியைக் கட்டி மூன்றாம் வருசத்தில் பெண்பிள்ளை பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் மூன்று கிலோ நூறு கிராம். பத்தாம் நாள், பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வந்து பார்க்கிற கிளினிக் மருத்துவிச்சி பிரியவதனி மிஸ் வந்து நிறுத்தபோது மூன்று கிலோ இருநூறு. தயானியின் தாய் மூத்த மகளின் பிரசவத்துக்குப் பிரான்சுக்குப் போயிருந்ததால், பத்தியம் பார்க்கிற பொறுப்பு யசிந்தனின் தமக்கை அன்ரனிட்டாவின் தலையில் விழுந்தது. அன்ரனிட்டா அடுத்த வளவுக்காரி, நாலு பிள்ளை வளர்த்தவள். அந்த நாலு பேரையும் வளர்த்த அதே அதிகாரத்தோடு ஊரையும் வளர்க்கிறவள்.

முதல் இரண்டு கிழமையும் பிள்ளைக்கு ராசாத்தி வாழ்க்கை. குடித்தாள், படுத்தாள், நனைத்தாள், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பி மறுபடி குடித்தாள். யசிந்தன் இறங்குதுறையில் போய், "என்ர மகள் மணிக்கூடு பாத்துத்தான் பால் குடிப்பாள்" என்று பீற்றினான். பாருங்கள், பிள்ளைகளைப் பற்றிப் பீற்றக் கூடாது. அதுகளுக்கு எப்படியோ கேட்டுவிடும்.

பத்தொன்பதாம் நாள் மணிக்கூடு பழுதாய்ப் போயிற்று. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும்போதே வாயை எடுத்துவிட்டுக் கத்துவாள். பிறகு தானே பாய்ந்து பிடிப்பாள். பின்னேரம் நாலு மணி தொடக்கம் விளக்கு வைக்கும் வரைக்கும் தயானி கதிரையை விட்டு எழும்ப ஏலாது. தலைமயிரைச் சீப்பால் இழுக்க நேரமில்லை, தேத்தண்ணி குடிக்க நேரமில்லை.

அன்ரனிட்டா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "மச்சாள், நான் சொல்லுறதுக்குக் கோவிக்கக் கூடாது. உமக்குப் பால் வத்திப் போச்சு."

"அப்பிடி இராது மச்சாள். போன கிழமை மட்டும் நிறையக் கிடந்ததே."

"போன கிழமை கல்லு மாதிரிக் கிடந்தது, இப்ப மெத்தெண்டு கிடக்குதெண்டு நீர்தானே சொன்னனீர்? பால் இருந்தால் ஏன் மெத்தெண்டு கிடக்கும்? எங்கை, ஒரு கோப்பையிலை பீச்சும் பாப்பம்."

தயானி பீச்சினாள். அன்ரனிட்டா பக்கத்தில் நின்று சுங்கக்காரன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் வரும்? ஒரு கரண்டி அளவு வந்தது. அன்ரனிட்டா அந்தக் கோப்பையை நாலு வீட்டுக்கும் காட்டாத குறை. அன்றைக்கே செய்தி இறங்குதுறைக்குப் போய்விட்டது. பால் சுரக்கப் பால்சுறாதான் மருந்து என்று யார் வள்ளத்தில் சுறாக்குட்டி பட்டாலும் நேரே யசிந்தன் வீட்டுக்கு வந்தது. காலையில் சுறா வறை, மத்தியானம் உள்ளி போட்ட சுறாக் குழம்பு, இரவுக்கும் மத்தியானத்துச் சுறா. மூன்றாம் நேரம் தயானி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இனியும் சுறா தந்தால் நான் நீந்தத் துவங்கிவிடுவன்" என்றாள்.

இருபத்தோராம் நாள் பின்னேரம் யசிந்தனுக்குப் பொறுமை கெட்டது. "வாய்க் கதை காணும். நிறுத்துப் பாத்தால் தெரிஞ்சிடும்" என்று சொல்லி, மோட்டார் சைக்கிளில் போய்த் தராசை எடுத்து வந்தான். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினான். முற்றத்துப் பூவரசில் கட்டினான். தயானியின் பழைய நூல்சேலையை ஏணைத் தொட்டில் மாதிரி முடிந்து, கொளுக்கியில் கொழுவி, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருகிவிட்டு, மகளை அதில் கிடத்தினான். அந்த நேரம் பார்த்து இன்னொரு சுறாக்குட்டியோடு இராயப்பு அண்ணையும் வந்து சேர்ந்தார். ஆறு வருசமாக யசிந்தனுக்கு மீன் போடுகிற மனிசன். அந்த முள்ளோடு அவர் பட்ட பாடு வேறு ஒருவரும் பட்டதில்லை.

எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். முள் ஆடி ஆடி நின்றது. மூன்றுக்கு ஒரு நூல் கீழே.

"மூண்டு கிலோவும் இல்லை" என்றாள் அன்ரனிட்டா. வென்றவள் குரலில் சொல்லத் துவங்கினவள், முடிக்கும்போது பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தயானி கத்தவில்லை, குழறவில்லை. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு குசினி வாசற்படியில் இருந்தாள். "பிறந்த நிறையும் இல்லை. என்ர பிள்ளையை நான் பட்டினி போட்டிருக்கிறன், என்ன?" என்று யாரையும் பாராமல் கேட்டாள். யசிந்தன் உடனே பிரியவதனி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தான். அவ அக்கரையில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டா, விடியத்தான் வருவா. சரி, விடியப் படகில் அக்கரைக்குப் போய்ப் பால்மா ரின் வாங்கி வருவது என்று முடிவாயிற்று. கடலைக் கண்டால் குடலைக் கக்குகிறவன் தானே போகிறேன் என்று சொன்னான் என்றால், அவன் பட்ட பயத்தை யோசித்துப் பாருங்கள்.

விடிந்தது. தராசையும் கொண்டு இறங்குதுறைக்குப் போனான். படகு வெளிக்கிட முன்னம் வந்த மீனை அவசரம் அவசரமாக நிறுத்தான். இராயப்பு அண்ணையின் கூடையைக் கொழுவினான். "எட்டரை" என்றான்.

வழக்கமாக இந்த இடத்தில் அரை மணித்தியாலச் சண்டை ஒன்று நடக்க வேண்டும். அன்றைக்கு இராயப்பு அண்ணை தலையை ஆட்டினார். "வாற வழியிலை சங்கக்கடைத் தராசிலை போட்டுப் பாத்தனான் தம்பி, பத்துக் காட்டினது. பரவாயில்லை, எட்டரையெண்டே வையும். குழந்தைப்பிள்ளை பசியோட கிடக்கேக்கை உம்மோட நிண்டு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை."

பத்து. எட்டரை.

யசிந்தன் அப்படியே நின்றான். முள்ளைப் பார்த்தான். போனை எடுத்துக் கணக்குத் தட்டினான். பத்து எட்டரை என்றால், மூன்றுக்கு ஒரு நூல் கீழே என்பது எவ்வளவு? மூன்றரைக் கிலோ! மகள் மெலியவில்லை, பதினொரு நாளில் முந்நூறு கிராம் ஏறியிருக்கிறாள்! "மாதாவே!" என்று கத்திக்கொண்டு இராயப்பு அண்ணையைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். கூடையில் கிடந்த விளைமீன் இரண்டு சறுக்கிக் கடலில் விழுந்தது.

"என்ன தம்பி? விசர் கிசர் பிடிச்சிட்டுதோ? நான் எட்டரைக்கு ஓமெண்டனான் எண்டதுக்கே இந்தச் சந்தோசம்?"

"இல்லை அண்ணை, ஒண்டுமில்லை" என்று அவரைக் கீழே இறக்கினவனுக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது. பிள்ளை நல்லாய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தராசு பொய் என்று சொல்ல வேண்டும். எத்தனை நாளாய் என்று கேட்பார்கள். கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறக்கவும் ஏலாது, மூடிக்கொண்டு இருக்கவும் ஏலாது.

கர்த்தர் கைவிடவில்லை. வந்து கட்டின படகில் இருந்து தோளில் பையும் கையில் குடையுமாகப் பிரியவதனி மிஸ் இறங்கினா. யசிந்தனுக்கு உயிர் வந்தது. மிஸ்ஸின் தராசு உண்மையைச் சொல்லட்டும். தன்னுடைய தராசைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? அப்படியே கதை முடிந்துவிடும். மிஸ்ஸை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பால்மா வாங்கப் போனவன் ஏன் திரும்பி ஓடுகிறான் என்று விளங்காமல் இராயப்பு அண்ணையும் சைக்கிளில் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அன்ரனிட்டா சும்மா இருக்கவில்லை. எந்த வீட்டிலோ பாதி ரின் ஒன்றைத் தேடிப் பிடித்து, போத்தலை அவித்து, மாவைக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தயானி பிள்ளையோடு கதிரையில் இருந்தாள். முகம் அழுது அழுது வீங்கிப் போயிருந்தது.

"பொறுங்கோ அக்கா" என்றா மிஸ். "முதல் நான் பாக்கிறன். ஒரு நாளைக்கு எத்தினை துணி நனைக்கிறா?"

"எங்கை மிஸ் எண்ணுறது? தோய்ச்சுக் கைதான் தேயுது" என்றாள் தயானி. "நேற்று எட்டோ ஒன்பதோ."

மிஸ் சிரித்தா. "வாயாலை போகாமல் கீழாலை வராது தங்கச்சி. மூண்டாம் கிழமையிலை பிள்ளையளுக்கு இப்பிடித்தான் ஒரு பசி வரும். திடீரெண்டு வளரத் துவங்குவினம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் உறிஞ்சி உறிஞ்சித்தான், எனக்கு நாளைக்கு இன்னும் கூட வேணுமெண்டு உம்மட உடம்புக்குச் சொல்லி வைக்கினம். ரெண்டு மூண்டு நாள் கேக்கிற நேரமெல்லாம் குடுத்தால் உடம்பும் சுரந்து குடுக்கும், பிறகு அடங்கிடும். ஆறாம் கிழமையும் ஒருக்கால் வரும், அப்பவும் பயப்பிடக் கூடாது. மார்பு மெத்தெண்டு இருக்கிறது பால் வத்தினதாலை இல்லை. இவவின்ர அளவு உடம்புக்குப் பிடிபட்டிட்டுது."

"அப்ப கோப்பையிலை ஒரு கரண்டிதானே வந்தது?" என்று அன்ரனிட்டா விடவில்லை.

"பிள்ளை உறிஞ்சிற மாதிரிக் கை பீச்சாது அக்கா. பிள்ளை சோந்து, குடிக்க எழும்பாமல் கிடந்தால், துணி நனையாட்டில் சொல்லுங்கோ, நானே தூக்கிக் கொண்டு ஓடுறன். இது குடிக்க ஆசைப்படுற பிள்ளை. இப்ப போத்தலைக் குடுத்தால் இவ உறிஞ்சிறது குறையும், உறிஞ்சிறது குறைஞ்சால் பால் மெய்யாத்தான் குறையும்." சொல்லிக்கொண்டே மிஸ் தன் தராசை விரித்துப் பிள்ளையை நிறுத்தா. "பாருங்கோ, மூண்டரைக் கிலோ. தங்கம் மாதிரி."

யசிந்தன் பெருமூச்சு விட்டான். முடிந்தது என்று நினைத்தான். முடியுமா?

தயானி தலையை ஆட்டினாள். "இல்லை மிஸ். உங்கட தராசிலை ஏதோ பிழை. நேற்று இவரின்ர தராசிலை நிறுத்தனாங்கள், மூண்டும் இல்லை."

"இது கிளினிக் தராசு தங்கச்சி. சரி பாத்து முத்திரை குத்தினது."

"இருக்கலாம் மிஸ். ஆனா என்ர மனிசன்ர தராசிலை ஆறு வருசமா ஊர் முழுக்க மீன் நிறுக்குது. அதிலை பிழையெண்டால் ஊர் சும்மா விடுமே? நீங்கள் நான் அழக்கூடாதெண்டு சொல்லுறியள்." அவள் அன்ரனிட்டாவிடம் கையை நீட்டினாள். "தாங்கோ மச்சாள் போத்தலை. என்ர பிடிவாதத்துக்கு என்ர பிள்ளை காய ஏலாது."

ஐயோ, அந்த நேரம் யசிந்தனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கலியாணம் கட்டி மூன்று வருசத்தில் பெண்சாதி அவனை இப்படி மெச்சினதில்லை. "காத்து, தயானி. நேற்றுக் காத்தடிச்சது, கொப்பு ஆடினது" என்றான்.

"ஒரு இலை ஆடேல்லை" என்றாள் அன்ரனிட்டா.

"நான்... நான் முள்ளைச் சரிஞ்சு நிண்டு பாத்தனான் போலை."

"நான் நேரை நிண்டு பாத்தனான்" என்றார் இராயப்பு அண்ணை, வாசலில் சைக்கிளைச் சாத்திக்கொண்டு. "முள்ளு மூண்டுக்குக் கீழைதான் நிண்டது தங்கச்சி. அந்த முள்ளிலை எனக்குத் தெரியாத நுணுக்கமில்லை."

போத்தல் கை மாறிற்று. தயானி பிள்ளையின் வாயருகே கொண்டு போனாள். கண்ணீர் போத்தலின் மேலேயே விழுந்தது. யசிந்தன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"குடுக்காதையும்! என்ர தராசுதான் கள்ளத் தராசு. கிலோவுக்கு நூற்றைம்பது தின்னும். வாங்கின நாளே கம்பிச் சுருளை மாத்திப் போட்டுத்தான் கொண்டு வந்தனான். நேற்று எனக்கு அது ஞாபகமே வரேல்லை, மாதா அறிய. பிள்ளை மூண்டரைக் கிலோ. உம்மட பாலிலை ஒரு குறையுமில்லை."

அன்ரனிட்டா வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் வாய் திறந்திருந்தும் சத்தம் வராத நாள் அது ஒன்றுதான். மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் எதையோ தேடினா. இராயப்பு அண்ணை மெல்ல வந்து யசிந்தனுக்கு முன்னால் நின்றார். யசிந்தன் அடி விழும் என்று கண்ணை மூடினான்.

"ஆறு வருசம்" என்றார் இராயப்பு அண்ணை.

"ஓம் அண்ணை."

"தின்னுதெண்டு தெரியும். நூற்றைம்பதெண்டு இண்டைக்கு விடியத்தானே தெரிஞ்சது!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் நூறெண்டு நினைச்சல்லோ தண்ணி விட்டுக் கொண்டிருந்தனான்."

"என்ன தண்ணி?"

"கணவாய்க்குத்தான். ஆறு வருசமா என்ர கணவாய் ஒண்டும் வயிறு நிறையக் கடல்தண்ணி குடியாமல் உம்மட தராசிலை ஏறினதில்லை." பாவசங்கீர்த்தனம் செய்த மனிசன் மாதிரி அவர் முகம் தெளிந்தது. "சரி, நாளைக்குத் துவக்கம் சங்கக்கடைத் தராசு. உமக்கும் அதுதான், எனக்கும் அதுதான். நானும் இனித் தண்ணி விடன். ஆனா ஊருக்கு நீர்தான் சொல்லோணும், என்ர வாயாலை நான் சொல்லன்."

அன்ரனிட்டாவுக்கு அடக்க ஏலாமல் சிரிப்பு வெடித்தது. மிஸ்ஸும் பையை மூடிவிட்டுச் சிரித்தா. போகும்போது, "பிள்ளையை இனி மரத்திலை கொழுவினால் உங்களைத்தான் நான் கொழுவுவன்" என்று யசிந்தனுக்கு விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனா. அன்ரனிட்டா போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் நழுவினாள். அந்தப் பால் பூனைக்குப் போனது.

தயானி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் துவங்கினாள்.

"இஞ்சை வாரும்" என்றாள். ஒரு நாளும் அவனை 'நீங்கள்' என்பதில் இருந்து இறக்கினவளல்ல. யசிந்தன் வந்து நின்றான்.

"ஊரை ஏமாத்தினதை ஊர் கேக்கட்டும். அதை நீரும் இராயப்பு அண்ணையும் கணவாயும் பாத்துக் கொள்ளுங்கோ. நேற்றுப் பின்னேரம் துவக்கம் இந்தப் பிள்ளை என்ர மடியிலை கிடந்து வயிறு முட்டக் குடிச்சிருக்கு. நான் அதைக் கண்ணாலை பாத்துக் கொண்டே, இது பட்டினி கிடக்குது, நான் ஒரு தாயோ எண்டு அழுதனான். என்ர கண்ணை நம்பேல்லை, என்ர உடம்பை நம்பேல்லை. உம்மட முள்ளை நம்பினனான்."

யசிந்தன் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். "நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டான்.

"தாகமாக் கிடக்கு. தண்ணி கொண்டு வாரும்."

ஓடிப்போய் ஒரு செம்பு கொண்டுவந்தான். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் செம்பை நீட்டினாள். "இன்னும்." அவன் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பினான். பின்னால் மகள் மடக்கு மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. நேற்றும் முந்தாநாளும் இதே சத்தம்தான் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குடத்தில் தண்ணீர் இருந்தும், கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததால், அவன் கிணற்றடிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தான்.